எழுதுவோரும் கேட்போரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டுகள் இடைவிடாது கூடுவது எளிய செயல் அன்று. அதற்காக உங்களை மனமாரப் பாராட்டுகிறேன். எழுதுகிறவனின் ஊக்கம் வற்றாதிருக்க என்ன வழி என்ற பொருளில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். விழாவுக்கு ஏற்ற நல்ல தலைப்புத்தான். ஆனால் இந்தத் தலைப்பு எழுந்ததற்குக் காரணமும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் கையில் புதிய கவிதையோடு வந்தவர்கள் பலர் இப்போது வெறுங்கையோடு வருகிறார்கள். கூட்டம் நடக்கிறது, எழுத்து குறைகிறது. இதை வாழ்த்துரையால் மூடி மறைக்க நான் விரும்பவில்லை. பத்தாம் ஆண்டில் இதைப் பேசாவிட்டால் பதினைந்தாம் ஆண்டில் பேசுவதற்கு வட்டம் மட்டும் இருக்கும்; கவிஞர்கள் இருக்க மாட்டார்கள்.

அருவியும் குளமும்

ஊக்கத்துக்கு உவமை தேடி நாம் வெளியூர் செல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று மலையில் மோதுகிறது, சாரல் தூவுகிறது, பேரருவியும் ஐந்தருவியும் ஆர்ப்பரிக்கின்றன. காற்று ஓய்ந்தால் அருவி நூலாகிறது. கடுங்கோடையில் பாறை மட்டுமே நிற்கிறது. குளிக்க வந்தவருக்கு அதைப்பற்றிக் கவலை இல்லை; அடுத்த சீசனுக்கு வந்துகொள்ளலாம். ஆனால் சிற்றாற்றை நம்பிப் பயிர் செய்தவர்கள் அப்படி இருக்க முடியவில்லை. அவர்கள் ஆற்றின் குறுக்கே அணைகள் கட்டினார்கள்; கால்கள் வெட்டினார்கள்; ஒரு குளம் நிறைந்து மறுகுளம் பெருகுமாறு நீரைத் தேக்கினார்கள். அருவி குளிப்பதற்கு; குளம் விளைவதற்கு.

நம்மில் பலர் கவிதைக்குக் குளிக்க வந்தவர்களாக இருக்கிறோம். சாரல் விழுந்தால் எழுதுகிறோம், இல்லையேல் காத்திருக்கிறோம். வந்ததைத் தேக்கி வைப்பதில்லை. நாள்தோறும் கண்டதை, கேட்டதை, மனத்தில் தைத்த ஒரு சொல்லைக் குறித்து வைக்கும் நோட்டுப் புத்தகம் எத்தனை பேரிடம் இருக்கிறது? ஆனால் குறிப்பேடு மட்டும் போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. இந்த மலையடிவாரத்தின் இலக்கிய வரலாறு அதற்கு மேலும் ஒன்றைச் சொல்லித் தருகிறது.

ஒரே மலை, பல வடிவம்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் உள்ள மேலகரத்தில் பிறந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். குற்றாலக் குறவஞ்சிக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் வழங்கினார். அந்த நிலத்துக்குக் ‘குறவஞ்சி மேடு’ என்றே பெயர் வந்தது. இந்த ஒரு நூலைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் தலபுராணம், யமக அந்தாதி, உலா, கோவை, பிள்ளைத்தமிழ் என அதே குற்றாலநாதர்மீது, அதே மலையைப் பற்றி, அவர் பாடிய நூல்கள் பல.

எழுதப் பொருள் இல்லை என்று வருந்தும் நண்பர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கவிராயருக்கும் பொருள் ஒன்றுதான். வடிவத்தை மாற்றியபோதெல்லாம் மலை புதிதாகத் தெரிந்திருக்கிறது. யமகத்தில் சொல்லோடு மல்லுக்கட்டிய அந்தக் கைதான் குறவஞ்சியில் குறத்தியின் பேச்சையும், பறவை பிடிக்க வந்த சிங்கனின் தவிப்பையும் தங்குதடையின்றிப் பாடியது. உழைப்பு ஒரு நூலில் நடந்தது. பலன் வேறொரு நூலில் கனிந்தது. புதுக்கவிதையில் கை ஓய்ந்தவர் ஒரு வெண்பா எழுதிப் பார்க்கலாம்; வெண்பாவில் தேங்கியவர் உரைநடையில் தம் தெருவை எழுதிப் பார்க்கலாம். அது வீண்போகாது.

கடையத்தில் ஒரு கவிஞர்

தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் வழியில் கடையம் இருக்கிறது. 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலை பெற்ற பாரதியார், செல்லம்மாளின் ஊரான கடையத்துக்கு வந்து சேர்ந்தார். ஏறத்தாழ இரண்டாண்டுகள் அதுவே அவருக்கு இருப்பிடம். அக்காலத்தின் பெரும்பகுதியில் அவர் எழுத்துகளை வெளியிடுமுன் காவல்துறையின் இசைவைப் பெற வேண்டியிருந்தது. கையில் பணமில்லை. 1919-இல் எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவி அனுப்பினார், உதவி கிட்டவில்லை.

அந்த நிலையில் அவர் செய்த காரியத்தைப் பாருங்கள். 1920-இல் தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடத் திட்டமிட்டு, நண்பர்களிடம் பொருளுதவி கேட்டுச் சுற்றறிக்கை விடுத்தார். அதாவது நான்கு லட்சம் புத்தகங்கள்! பணம் வரவில்லை, திட்டம் நிறைவேறவில்லை. அதைக் கனவு என்று சொல்லிச் சிரிப்பது எளிது. அருகில் கேட்பவர் இல்லாத ஊரில் இருந்துகொண்டு, இன்னும் பிறக்காத வாசகரையும் சேர்த்து எண்ணி எழுதியவரின் கணக்கு அது. அந்த ஆண்டின் இறுதியில் சென்னைக்குச் சென்று மீண்டும் சுதேசமித்திரனில் சேர்ந்தார். 1921 செப்டம்பரில் மறைந்தார்.

மகாகவிக்கும் கேட்கும் செவி வேண்டியிருந்தது என்பதையே கடையம் எனக்குச் சொல்கிறது. செவி வாய்க்காதபோது அவர் அதைக் கற்பனையில் படைத்துக்கொண்டார். அந்த ஆற்றல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

வட்டத்தொட்டி

கடையத்துக்கு அருகிலேயே, குற்றாலத்தில், பின்னாளில் அப்படியொரு செவி வந்து குடியேறியது. அவர்தான் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954). 1920-களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடிக் கவிதை பேசினார்கள். அந்தக் கூட்டத்துக்கு ‘வட்டத்தொட்டி’ என்று பெயர். அவர் குற்றாலத்துக்கு வந்த பிறகு அந்த வீடே வட்டத்தொட்டி ஆயிற்று. ராஜாஜி, கல்கி, நீதிபதி மகராஜன், தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் என அந்த உறவு விரிந்தது.

டி.கே.சி. எழுதிக் குவித்தவர் அல்லர். கம்பனில் எது மெய்யான பாடல், எது இடைச்செருகல் என்று அவர் கூறிய முடிவுகளைப் புலவர்கள் பலர் ஏற்கவும் இல்லை. ஆனால் ஒரு பாட்டை எப்படிக் கேட்க வேண்டும் என்பதை அவர் கற்றுக்கொடுத்தார். ஒரே பாடலைத் திரும்பத் திரும்பப் பாடுவார், சொல்லைப் பிரித்து நிறுத்துவார், தாளத்தைக் காட்டுவார். கேட்டவர்களுக்கு அதுவரை அறிந்த பாடல் புதிதாகப் பிறந்தது.

அதனால் விளைந்தது என்ன? கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆசிரியப் பணியிலிருந்து 1931-இல் ஓய்வு பெற்றவர். விளம்பரம் நாடாதவர். அவருடைய பாடல்களை மேடைகளில் பாடியும் பேசியும் தமிழ்நாடறியச் செய்தவர்களில் முதன்மையானவர் டி.கே.சி. 1938-இல் ‘மலரும் மாலையும்’ வெளிவந்தபோது கவிமணிக்கு வயது 62. அதன் பின்னரே ‘ஆசிய ஜோதி’யும் உமர் கய்யாம் பாடல்களும் நூல்களாயின. ஓய்வெடுக்கும் வயது என்று நாம் கருதும் காலம் அவருக்கு அறுவடைக் காலமாயிற்று.

கல்கியின் நிலை வேறு. அவரை வாரந்தோறும் எழுத வைத்தது பத்திரிகையின் கெடு. 1950 அக்டோபரில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ 1954 வரை வாரம் தவறாமல் வாசகர்களைத் தேடிச் சென்றது. கெடு என்றால் முகம் சுளிக்கிறோம். ஆனால் கெடு என்பது என்ன? குறித்த நாளில் ஒருவர் நமக்காகக் காத்திருக்கிறார் என்ற உணர்வுதான். டி.கே.சி., கவிமணி, கல்கி மூவரும் 1954 என்ற ஒரே ஆண்டில், பிப்ரவரி, செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் மறைந்தனர்.

கேட்டவர் எழுதினார்

வட்டத்தொட்டியின் விளைச்சல் அத்தோடு முடியவில்லை. இடைசெவலிலிருந்து குற்றாலத்துக்கு வந்து டி.கே.சி.யின் பேச்சைக் கேட்டவர்களில் கி. ராஜநாராயணனும் ஒருவர். அவரும் அதே ஊர் கு. அழகிரிசாமியும் 1923-இல் பிறந்தவர்கள், இணைபிரியா நண்பர்கள். அழகிரிசாமி இளமையிலேயே எழுத வந்துவிட்டார். கி.ரா.வோ கேட்டுக்கொண்டும் கடிதம் எழுதிக்கொண்டும் இருந்தார். அவருடைய ‘மாயமான்’ 1958-இல் சரஸ்வதியில் வெளிவந்தது. அப்போது வயது 35-ஐ எட்டிக்கொண்டிருந்தது. ‘கோபல்ல கிராமம்’ 1976-இல் வந்தது. 1991-இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. 2021-இல், 98-ஆம் வயதில் மறையும்வரை அவருக்குச் சொல்வதற்குக் கதை தீரவில்லை. ஏன் தீரவில்லை? அவர் தம்மிடமிருந்து மட்டும் எடுத்து எழுதவில்லை. ஊர் பேசியதைக் கேட்டு எழுதினார். பேசுகிறவனின் சரக்கு ஒருநாள் தீரும். கேட்கிறவனுக்கு வரத்து நிற்பதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வட்டம் எழுத்தை வளர்ப்பது போலவே எழுத்தைத் தின்னவும் கூடும். எழுத வேண்டியதையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டால், வீடு திரும்பிய பிறகு தாளில் இறக்க ஒன்றும் மிஞ்சாது. டி.கே.சி.யின் சிறந்த விளக்கங்கள் பல அவர் பேச்சோடு காற்றில் கலந்துவிட்டன. அவருடைய கடிதங்களே எஞ்சியவற்றைக் காத்துத் தந்தன. ஆகவே பேசுங்கள், பேசிய இரவே எழுதிவிடுங்கள்.

இந்த வட்டத்துக்குச் சில விண்ணப்பங்கள்

இன்று வாட்ஸ்அப்பில் ஒரு கவிதையை அனுப்பினால் மறுநொடியே கைகூப்பும் படங்களும் பூங்கொத்துகளும் வந்து குவிகின்றன. மேடை ஏறினால் பொன்னாடை கிடைக்கிறது. இவை மகிழ்ச்சி தரலாம். ஆனால் கவிதை கேட்கப்பட்டதற்கு இவை சான்று ஆகா. மூன்றாவது வரியில் ஒரு சொல் மிகையாக இருக்கிறது என்று சொல்லும் நண்பர்தான் மூன்று வரிகளையும் கேட்டவர். அந்த ஒருவருக்காகவே அடுத்த கவிதையை எழுதத் தோன்றும். சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கவிஞர் கலாப்ரியா குற்றாலத்தில் நடத்திய கவிதைப் பட்டறைகள் இன்றும் பேசப்படுவது, அங்கே கவிஞர்கள் ஒருவரையொருவர் நேருக்கு நேர் கேட்டதனால்தான்.

எனவே மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன். முதலாவது, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு கவிதையையாவது இருமுறை படியுங்கள். முதலில் கவிஞர் படிக்கட்டும், அடுத்து இன்னொருவர் படிக்கட்டும். பிறர் வாயில் இடறும் இடம் எதுவோ, திருத்த வேண்டிய இடம் அதுவே. இரண்டாவது, பழந்தமிழ்ப் பாடல் ஒன்றைக் கூட்டத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு வட்டத்தொட்டி முறையில் நின்று நிதானித்துக் கேளுங்கள். மூன்றாவது, வெறுங்கையோடு வருவதில்லை என்று உறுதி கொள்ளுங்கள். கவிதை அமையாவிட்டால் நான்கு வரிக் குறிப்பு, ஒரு வட்டாரச் சொல், நண்பருக்கு எழுதிய கடிதம், எதுவானாலும் சரி. பொன்னாடைக்குச் செலவிடும் பணத்தில் ஆண்டுக்கு ஓர் இளம் கவிஞரின் முதல் தொகுப்பை அச்சிட முடியுமா என்பதையும் பொறுப்பாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

எழுதாமல் நின்றுபோன நண்பர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். உங்களைக் குறை கூற நான் வரவில்லை. உங்கள் கடைசிக் கவிதையை நாங்கள் சரியாகக் கேட்டோமா என்ற கேள்வி எங்கள் பக்கமும் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள், எழுதியதைக் கொண்டுவாருங்கள், கேட்பதற்கு நாங்கள் அமர்ந்திருப்போம்.