கம்பஸுக்குப் போகும் பிள்ளை என்னென்ன கற்று வர வேண்டும்?

(பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான தோட்டப் பிள்ளைகளைப் பாராட்டும் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாலை போட்டாகிவிட்டது. இனி பெற்றவர்களோடு கொஞ்சம் பேசுவோம். "அங்கே போய் சங்கம், நாடகம் என்று திரியாமல் படிப்பை முடித்துக்கொண்டு வா" என்றுதான் லயத்துக்கு லயம் புத்தி சொல்லி அனுப்புகிறோம். அந்தப் பயம் நியாயமானது. மகாபொல காசு கைக்கு வரும்வரை, பிள்ளையின் சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு பேர் விடாமல் மலைக்குப் போக வேண்டியவள் அம்மாதானே. ஆனால் விரிவுரைக் குறிப்பை மட்டும் மனப்பாடம் செய்து வருகிற பட்டதாரியால் தோட்டத்துக்கு என்ன பயன்?

பேராதனையை எடுத்துக்கொள்வோம். 1952இல் பல்கலைக்கழகம் அங்கே வந்தபோது, சுற்றியுள்ள மலைகளில் கொழுந்தெடுத்த நம் ஆட்களில் பெரும்பாலோருக்குப் பிரசாவுரிமையே இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்திருந்தது. அந்தப் பேராதனையில்தான் 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் மாணவர்களைக் கொண்டு நாட்டுக்கூத்தை மேடையேற்றினார். 'இராவணேசன்' அப்படி வந்ததுதான். படித்தவன் கூத்தாடுவதா என்ற இளக்காரம் அதோடு குறைந்தது. பரீட்சைப் புள்ளிக்காகவா அந்தப் பிள்ளைகள் ஆடினார்கள்? நம் காமன் கூத்தையும் அருச்சுனன் தபசையும் பழக்கிக் கொடுக்கும் வாத்தியார்களுக்கு வயதாகிவிட்டது. அதை எழுதிவைக்க, ஆடிப் பார்க்க ஆள் வேண்டும்.

சிங்களப் பிள்ளைகளோடு ஒரே விடுதியில் இருப்பதும் ஒரு படிப்பு. சிங்களத்தில் ஒரு கடிதம் எழுத ஆள் தேடி நாம் எத்தனை நாள் பேரை இழந்திருக்கிறோம்! பழகுங்கள். பகிடிவதையை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டாம். 1998ஆம் ஆண்டின் சட்டப்படி அது குற்றம்.

பெண் பிள்ளைகளுக்கென்று தனிக் கட்டுப்பாடு போடாதீர்கள். கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தோட்டக் கமிட்டியில் வாய் திறப்பவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். விவாத மேடையில் பேசிப் பழகிய பிள்ளை திரும்பி வந்து அந்தக் கமிட்டியில் உட்காரட்டும். அதற்காகவாவது அவளைக் கூட்டங்களுக்குப் போக விடுங்கள்.

சித்திரை விடுமுறைக்கு இவர்கள் வருவார்கள். அதற்குள் உங்கள் சம்பளச் சிட்டைகளையும் ஊழியர் சேமலாப நிதிக் கடதாசிகளையும் தேடி எடுத்து வையுங்கள். எலி கடித்திருந்தாலும் பரவாயில்லை. சட்டப்படி குறைந்தது நூற்றுக்கு 8 நம் பங்கு, 12 தோட்டத்தின் பங்கு. பிள்ளைகளோடு உட்கார்ந்து மாதம் மாதமாகக் கூட்டிப் பார்ப்போம்.