நான்கு கதவும் இரண்டு கதவும்



பெரியதொரு மோட்டார் வண்டியைக் கண்டால் அதைத் தாளில் வரைந்து பார்க்கும் ஆசை உங்களில் பலருக்கு உண்டு. எனக்கும் உண்டு. வரையும்போது கை சும்மா இருப்பதில்லை. சில மாறுதல்களைத் தானே செய்துவிடுகிறது. கூரையைச் சற்றுத் தாழ்த்துகிறது, பின்கதவு இரண்டையும் அழிக்கிறது, முன்கதவை நீட்டுகிறது. ஒரு நிமிடத்தில், நான்கு கதவுகள் கொண்ட செடான், இரண்டு கதவுகள் கொண்ட கூப்பே ஆகிவிடுகிறது. தாளில் இத்தனை எளிதாக முடிகிற காரியம் தொழிற்சாலையில் ஏன் எளிதாக முடிவதில்லை? இதையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

'கூப்பே' என்பது பிரெஞ்சுச் சொல். 'வெட்டப்பட்டது' என்பது அதன் பொருள். குதிரை வண்டிக் காலத்தில், எதிரெதிரே இரண்டு இருக்கைகள் கொண்ட பெரிய மூடுவண்டிகள் ஐரோப்பாவில் ஓடின. அவற்றின் முன்னிருக்கையை வெட்டி நீக்கி, பின்னிருக்கையை மட்டும் வைத்துச் செய்த சிறு வண்டிக்கே இப்பெயர் முதலில் வழங்கிற்று. மோட்டார் வந்த பின்னரும் பெயர் நிலைத்தது. ஆனால் வெட்டு இடம் மாறிற்று. இப்போது சுருங்குவது பின்னிருக்கை. அரசு செலுத்துவது முன்னிருக்கை.

இந்த இடமாற்றத்தில்தான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. பெரிய சொகுசுச் செடான் யாருக்காகச் செய்யப்படுகிறது? பெரும்பாலும் பின்னிருக்கையில் அமர்பவருக்காக. ஓட்டுநர் முன்னே இருக்கிறார். உடைமையாளர் பின்னே கால் நீட்டிச் செல்கிறார். கூப்பேயிலோ உடைமையாளரே ஓட்டுநர். இரண்டு கதவுகளை அழித்தபோது, நாம் வண்டியின் எஜமானரைப் பின்னிருந்து முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இதை உணராமல் கதவை மட்டும் அழித்தால், செடானின் ஒரு வாயிலை அடைத்துவிட்டது போலத்தான் படம் தோன்றும்.

ஓர் உண்மையான உதாரணத்தைப் பார்ப்போம். ஜெர்மனியின் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் 1979ஆம் ஆண்டில் தன் எஸ் கிளாஸ் என்னும் பெரிய செடானைப் புதுப்பித்து வெளியிட்டது. புரூனோ சாக்கோ என்பவர் அப்போது அங்கே வடிவமைப்புத் தலைவர். அந்தச் செடானிலிருந்து பிறந்த எஸ்.இ.சி. என்னும் கூப்பே 1981இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. செடானில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,935 மில்லிமீட்டர்; கூப்பேயில் 2,850. வித்தியாசம் 85 மில்லிமீட்டரே. நான்கு விரற்கடை அகலம் என்று சொல்லலாம். பின்னால் இருப்பவரின் கால் இடத்திலிருந்து எடுத்த இந்தச் சிறு அளவே வண்டியின் தோற்றத்தை மாற்றப் போதுமானதாயிற்று. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. செடானை ஆறு சிலிண்டர் எஞ்சினோடும் வாங்க முடிந்தது. கூப்பேக்கோ எட்டு சிலிண்டர் எஞ்சின் மட்டுமே. ஓட்டுபவருக்கான வண்டி என்பதை எஞ்சினும் சொல்லிற்று.

இனிக் கதவுக்கு வருவோம். பின்னால் அமர்பவரும் அந்த ஒரே கதவின் வழியாகத்தான் நுழைய வேண்டும். ஆகவே கதவு நீள வேண்டும். கதவின் நீளம் கால் பங்கு கூடுவதாகக் கொள்வோம். எடையும் ஏறக்குறைய கால் பங்கு கூடும். எடையின் மையமும் கீலிலிருந்து கால் பங்கு விலகிப் போகும். 1.25ஐ 1.25ஆல் பெருக்கிப் பாருங்கள்; 1.56 வரும். அதாவது, கீல் தாங்க வேண்டிய திருப்புவிசை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. நீங்கள் பௌதிக வகுப்பில் படித்த நெம்புகோல் தத்துவமே இங்கும் நின்று கணக்குக் கேட்கிறது. கீலைப் பலப்படுத்தாவிட்டால், சில ஆண்டுகளில் கதவு தொங்கிப்போகும்.

அடுத்து, நடுத்தூண். செடானின் இரண்டு கதவுகளுக்கும் நடுவே தரையையும் கூரையையும் இணைத்து ஒரு தூண் நிற்கிறது. எஸ்.இ.சி. வண்டியில் அந்தத் தூணை மேற்பாதியில் நீக்கிவிட்டார்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டால் முன்னிருந்து பின்வரை தடையில்லாத ஒரே திறப்பு. பார்ப்பதற்கு மிக அழகு. ஆனால் மண்டபத்தில் ஒரு தூணை எடுத்தால் அதன் சுமையை மற்றத் தூண்கள் ஏற்க வேண்டும் அல்லவா? அதுபோல, நடுத்தூண் தந்த வலிமையைத் தரைத்தளமும், கதவின் அடிச்சட்டமும், கூரை விளிம்பும், எஞ்சிய தூண்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

அதோடும் முடியவில்லை. ஓட்டுநரின் சீட் பெல்ட் அந்த நடுத்தூணில் அல்லவா தொங்கிக்கொண்டிருந்தது? தூண் போனதும் பெல்ட் பின்னுக்குப் போயிற்று, கைக்கு எட்டவில்லை. ஆகவே பெல்ட்டை முன்னே நீட்டித் தரும் இயந்திரக் கை ஒன்றை அமைத்தார்கள். ஒரு தூணை எடுத்ததன் விளைவாக, அதுவரை தேவைப்படாத ஒரு கருவி பிறந்தது! குறைத்தல் என்று நாம் நினைப்பது உண்மையில் எத்தனை கூட்டல்களைக் கேட்கிறது, பாருங்கள். 1991 வரை இந்த வண்டிகள் 74,060 செய்யப்பட்டன.

இதே ஆசையோடு இங்கிலாந்தில் ஜாகுவார் நிறுவனமும் முயன்றது. 1968இல் வெளிவந்த அதன் எக்ஸ்.ஜே. செடான் உலகம் போற்றிய அழகு. அதன் கூப்பேயை 1973இல் காட்சிக்கு வைத்தார்கள். விற்பனைக்கு வந்ததோ 1975இல்தான். நடுத்தூண் இல்லாத கண்ணாடிகள் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தவில்லை. வேகமாகச் செல்லும்போது வண்டிக்கு வெளியே காற்றழுத்தம் குறைந்து, கண்ணாடி வெளியே இழுக்கப்படும்; இடுக்கில் காற்று சீறும். கூரைமேல் கறுப்பு வினைல் உறை போர்த்தினார்கள். கூரை நெளிவதால் வண்ணப்பூச்சில் விரிசல் காணாதிருக்கவே அந்த உறை என்று பலரும் கூறுவதுண்டு. 1977இல் உற்பத்தி நின்றது. எண்ணிக்கை பத்தாயிரத்தைச் சற்றே தாண்டிற்று. இன்றும் அதன் உருவத்தைக் கண்டு வியப்பவர் பலர். உருவம் தோற்கவில்லை; உருவத்தின் விலையை முன்கூட்டிக் கணக்கிடாமையே அதை அலைக்கழித்தது என்பது என் கருத்து.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் தன் ஃபாண்டம் செடானிலிருந்து 2008இல் ஒரு கூப்பேயை உருவாக்கியது. அங்கே அச்சிடைத் தூரம் 3,570 மில்லிமீட்டரிலிருந்து 3,320 ஆயிற்று. முழுதாக 250 மில்லிமீட்டர் வெட்டு. கதவின் கீலை முன்னே வைக்காமல் பின்னே வைத்தார்கள். கதவு எதிர்ப்புறமாகத் திறப்பதால் பின்னிருக்கைக்குச் செல்பவர் நேரே நடந்து நுழையலாம். அமர்ந்த பின் அத்தனை பெரிய கதவு கைக்கு எட்டாதே! ஒரு பொத்தானை அழுத்தினால் அது தானே மூடிக்கொள்ளும்.

இன்று இத்தகைய வண்டிகள் அருகிவருகின்றன. ஃபாண்டம் கூப்பே 2016இல் நின்றது. எஸ் கிளாஸின் கடைசிக் கூப்பே 2020இல் விடைபெற்றது. அதே ஆண்டு வெளிவந்த புதிய செடானுக்குக் கூப்பே செய்யப்படவில்லை. செல்வர்களின் விருப்பம் உயர்ந்து நிற்கும் வண்டிகளின் பக்கம் திரும்பிவிட்டது. ஆகவே அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. வெறுமையான இடந்தானே கற்பனைக்கு உரியது?

நீங்களே வரைந்து பாருங்கள். 2020ஆம் ஆண்டுச் செடானின் அச்சிடைத் தூரம் 3,106 மில்லிமீட்டர். 1981இல் வெட்டியது 85. அதற்குப் பின்வந்த கடைசிக் கூப்பேயில் 3,035இலிருந்து 2,945க்கு, அதாவது 90. அந்த வழக்கைப் பின்பற்றினால் உங்கள் வண்டிக்கு 3,016 கிடைக்கும். கதவு எவ்வளவு நீளம்? தூண் எங்கே? பெல்ட் எங்கிருந்து வரும்? பின்னால் அமர்பவர் தலை இடிக்காமல் கூரை எங்கே சரியத் தொடங்கும்? நெருக்கமாக வண்டிகள் நிற்கும் இடத்தில் அந்த நீண்ட கதவை எவ்வளவு திறக்க முடியும்? ஒவ்வொரு கோட்டுக்கும் அருகே அதற்குரிய எண்ணை எழுதுங்கள்.

எண் எழுதினால் கற்பனை வாடிவிடும் என்று அஞ்ச வேண்டாம். கோடு மட்டும் இருந்தால் அது கனவு. எண்ணும் சேர்ந்தால் அது திட்டம். ஒன்றை நீக்குமுன், அது இதுவரை யாருக்காக எதைத் தாங்கி நின்றது என்று கேட்கும் பழக்கம் உங்களிடம் படியுமானால், வண்டி வரைவதில் மட்டுமன்று, வீடு கட்டுவதிலும் கட்டுரை எழுதுவதிலும்கூட அது உங்களுக்குத் துணை நிற்கும்.