பூனைக்கும் நாலு வகை வேண்டும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே அமர்ந்துகொண்டு, பூனை எலியைப் பார்ப்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! (சிரிப்பு) இந்தக் குளிரிலும் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒண்டிக்கடையிலே திரண்டிருக்கிற ஏற்காட்டுப் பெருமக்களே! வீட்டிலே மடியில் பூனையை வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கிற தாய்மார்களே!

"வளர்ப்புப் பூனைக்கு ஏற்றது ஒரே உணவா, பலவகை உணவா?" இதுதான் தலைப்பு. முப்பது வருஷமாத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவனைக் கூப்பிட்டுப் பூனைச் சோறு பற்றிப் பேசச் சொல்றாங்களேன்னு முதல்ல யோசிச்சேன். அப்புறம் பார்த்தா, இது தமிழ் வாத்தியாருக்குச் சம்பந்தம் இல்லாத சங்கதியா என்ன? கம்பர் பெருமான் இராமாயணம் பாட உட்கார்றார். அவையடக்கம் சொல்லணும். எதைச் சொன்னார்? பாற்கடலையே நக்கிக் குடிச்சிடலாம்னு போன பூனையைத் தனக்கு உவமையாச் சொன்னார். பூனைன்னா பால், பால்னா பூனை என்று அன்றைக்கே நம்ம ஆட்கள் முடிவு கட்டியாச்சு. (சிரிப்பு)

இன்னொரு கதை உங்க எல்லாருக்கும் தெரியும். கிருஷ்ணதேவராயர் வீட்டுக்கு ஒரு பூனை கொடுத்து, அதுக்குப் பால் வைக்க ஒரு பசுவும் கொடுத்தார். தெனாலிராமன் என்ன செய்தான்? முதல் நாளே கொதிக்கக் கொதிக்கப் பாலை வச்சான். பூனைக்கு நாக்கு பொத்துப்போச்சு. அதுக்கப்புறம் பாலைக் கண்டாலே ஓட்டம். பாலை எல்லாம் ராமன் வீட்டிலே குடிச்சாங்க. கதை கேட்டுச் சிரிக்கிறோம். ஆனா ஒரு கேள்வியை யாரும் கேட்கிறதில்லை. பாலும் குடிக்கலை, ராமன் வேற சோறும் வைக்கலை. பிறகு அந்தப் பூனை அரசவைக்குப் போற வரைக்கும் எதைத் தின்னு உயிரோட இருந்துச்சு? எலியைத் தின்னு இருந்துச்சு அய்யா! (கைதட்டல்)

எதிரணியிலே முதலில் பேசிய அம்மா சொன்னாங்க: "எங்க பாட்டி பால்சோறு ஒண்ணைத்தான் வச்சாங்க. பூனை பதினஞ்சு வருஷம் ஜம்முனு இருந்துச்சு." நான் நம்புறேன். பாட்டி பொய் சொல்லமாட்டாங்க. ஆனா பாட்டிக்குத் தெரியாதது ஒண்ணு உண்டு. இவங்க தட்டுல வச்சது பால்சோறு. ராத்திரி பாட்டி தூங்கினதுக்கப்புறம் அது பரண்மேல ஏறி என்ன தின்னுச்சு? எலி. சுவத்துல பல்லி. குதிர் பக்கத்துல கரப்பான். தோட்டத்துல வெட்டுக்கிளி, அசந்திருந்தா ஒரு குருவி. பாட்டி போட்டது ஒரு வகை. பூனை சாப்பிட்டது பத்து வகை. அந்தப் பத்து வகையிலே கிடைச்ச ஆரோக்கியத்தை எல்லாம் நாம பால்சோத்துக் கணக்கிலே எழுதிவச்சிட்டோம்.

இன்றைக்கு என்ன நிலைமை? மூணாவது மாடி. ஜன்னலுக்கு வலை. கதவைத் திறந்தா "ஐயோ, வெளியே போயிடும்"னு ஓடிப்போய்ச் சாத்துறோம். தப்புன்னு சொல்லலை. தெருவிலே வண்டி, நாய், எலிப்பாஷாணம், எத்தனையோ இருக்கு. ஆனா கதவைச் சாத்தினவங்க நாம. அதுக்குப் பரணும் நாமதான், தோட்டமும் நாமதான். இப்பவும் பாட்டி வச்ச அதே பால்சோத்தை மட்டும் வச்சா என்ன ஆகும்?

1975-ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒண்ணைக் கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க. கேசீன்னு ஒரு புரதம். எதிலிருந்து எடுக்கிறது? பாலிலிருந்து. அதையே புரதமாக் கொடுத்து வளர்த்த பூனைகளுக்கு விழித்திரை கெட்டுப்போச்சு. காரணம் டாரின் என்கிற சத்து இல்லாத குறை. இறைச்சியிலும் மீனிலும் அது இருக்கு. அரிசியிலே கிடையாது. பசும்பாலிலே இருக்கிறது பூனைக்குப் போதாது. நாய் பெரும்பாலும் தன் உடம்பிலேயே அதைச் செய்துக்கும். பூனைக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது, தின்னுதான் ஆகணும். அதாவது, பாட்டி வீட்டுப் பூனைக்குக் கண் தெரிஞ்சதே அந்த எலியாலதான்! (கைதட்டல்)

சரி, எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கெட்டிக்காரர். அவர் பால்சோறு பக்கமே போகலை. "இப்ப எல்லாச் சத்தும் அளந்து போட்ட பாக்கெட் உணவு வந்தாச்சு. ஒரே பாக்கெட்டை வாழ்நாள் பூரா கொடு. வயிறு கெடாது, கவலை இல்லை"ன்னார். நடுவர் அவர்களே, இந்த வாதத்தை நான் கேலி செய்யமாட்டேன். அதிலே பாதி உண்மை. திடீர்னு சோத்தை மாத்தினா பூனைக்கு வயித்தால போகும். நாம வீட்டிலே கண்டபடி வைக்கிறதைவிட அளந்து போட்ட உணவு எவ்வளவோ மேல். ஒத்துக்கிறேன்.

ஆனா "எல்லாம் இருக்கு"ன்னு நம்பிக்கொடுத்த உணவிலேயே இல்லாத கதையும் நடந்திருக்கு. 1987-இலே கலிபோர்னியாவிலே டேவிஸ் பல்கலைக்கழகத்திலே பால் பயான் என்கிற கால்நடை மருத்துவரும் கூட இருந்தவங்களும் பார்க்கிறாங்க. பூனைகளுக்கு இதயம் வீங்கி, பலூன் மாதிரி தொளதொளன்னு ஆகிடுது. என்ன சாப்பிட்டதுன்னு விசாரிச்சா, கடையிலே வாங்கின உணவு. ரத்தத்திலே டாரின் குறைச்சல். சேர்த்துக் கொடுத்ததும் பல பூனைகளுக்கு இதயம் தேறிடுச்சு. அதுக்கப்புறம் கம்பெனிகள் டாரின் அளவைக் கூட்டினாங்க. இப்போ அந்தப் பிரச்சினை ரொம்பக் குறைவு. நான் சொல்றது என்னன்னா, ஒருத்தர் கணக்குத் தப்பினா, அதையே மூணு வேளையும் தின்ன பூனைக்குத் தப்பிக்க வேற தட்டு இல்லை.

2007-இலே இன்னொண்ணு. வட அமெரிக்காவிலே பூனை, நாய் உணவுகளைத் திரும்ப வாங்கினாங்க. கோதுமைப் புரதத்திலே மெலமின் என்கிற ரசாயனத்தைக் கலந்திருந்தாங்க. சிறுநீரகம் கெட்டு எத்தனையோ பிராணிகள் செத்துப்போச்சு. பாக்கெட்டிலே பேர் வேற வேற, படம் வேற வேற. ஆனா உள்ளே சமையல் பல பிராண்டுக்கும் ஒரே அடுப்பு. அதனாலே பேர் மாத்தி வாங்கினதையும் நான் பலவகைன்னு சொல்லமாட்டேன்.

இதெல்லாம் அமெரிக்கா. நம்ம ஊருக்கு வருவோம். இந்த ஊரின் பேரையே பாருங்க, ஒண்டிக்கடை! ஒண்டின்னா தனி, ஒத்தை. ஆனா இன்றைக்கு ஒத்தைக் கடையாவா இருக்கு? திரும்பின பக்கமெல்லாம் கடை. வர்ற வழியிலே நம்ம நடுவரே ரெண்டு கடையிலே மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டார். (சிரிப்பு) ஏன் நடுவர் அவர்களே, ஒரு கடை போதலையா? (பலத்த சிரிப்பு)

இங்கேயிருந்து கூப்பிடு தூரத்திலேதான் எங்க அக்கா வீடு. மாமா காப்பித் தோட்டத்திலே கணக்கு எழுதினவர், காலமாயிட்டார். பிள்ளைகள் வெளியூர். அக்காவுக்குத் துணைன்னு ஒரு பூனைக்குட்டியை நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். மணின்னு பேர் வச்சாங்க. பூனைக்கு யார் மணி கட்டுறதுன்னு உலகமே யோசிக்குது, எங்க அக்கா பேரிலேயே கட்டிட்டாங்க. அக்கா, அதுக்குக் கருவாடும் முட்டையும் வைக்கப்போனப்போ, "அதெல்லாம் வேண்டாங்க்கா, இது ஒண்ணே போதும்"னு சேலத்திலேயிருந்து பாக்கெட் உணவு வாங்கிக் கொடுத்தவனும் நானேதான். இன்றைக்கு எதிரணி பேசினதை அன்றைக்கு நான் எங்க அக்காகிட்டே பேசினேன்.

நாலு வருஷம் மணி அந்த ஒரு உணவைத் தவிர வேற எதையும் மோந்துகூடப் பார்க்கலை. நல்லாக் கொழுத்து, பூசணிக்காய் மாதிரி இருந்தான். 2024 டிசம்பர் வந்தது. பெஞ்சல் புயல். இந்த மலையிலே அடிச்ச மழை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலைப்பாதையிலே மண் சரிஞ்சு போக்குவரத்து நின்னுபோச்சு. சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. அன்றைக்கு அது இருநூறு காதம் மாதிரி இருந்துச்சு. அக்கா வீட்டிலே பாக்கெட் தீர்ந்துபோச்சு. ஒண்டிக்கடையிலே விசாரிச்சா, அந்த உணவு மட்டும் இல்லை.

அக்கா பால் வச்சாங்க. மோந்து பார்த்துட்டுப் போயிட்டான். முட்டை அவிச்சு வச்சாங்க. திரும்பிக்கூடப் பார்க்கலை. பக்கத்து வீட்டிலே கோழி வாங்கி, வேகவச்சு, பிச்சுப்பிச்சுக் கையிலே நீட்டினாங்க. கட்டிலுக்கு அடியிலே போய்ப் படுத்துக்கிட்டான். போனிலே அக்கா அழுவுறாங்க. "தம்பி, சுத்தி இத்தனை சோறு இருக்குடா. இவன் பட்டினி கிடக்கிறான்டா." பசிச்சாத் தின்னும்னு நான் சொன்னேன். படிச்சவன் பேச்சு அது. நாய்க்கு ஒருவேளை சரியா இருக்கலாம், பூனைக்கு அது சரியில்லை. அதுக்குச் சின்ன வயசிலே பழகாததெல்லாம் சோறே இல்லை. நம்ம கண்ணுக்குக் கோழிக்கறி, அது கண்ணுக்கு மரக்கட்டை.

பாதை திறந்து பாக்கெட்டோட நான் போய்ச் சேர்றப்போ அஞ்சாவது நாள். பாக்கெட்டைப் பிரிச்சு வச்சா, தன் சொந்தச் சோத்தையே அவன் தின்னலை. காது மடலைத் தூக்கிப் பார்த்தேன். உள்பக்கம் மஞ்சள் பூசினமாதிரி இருந்துச்சு.

சேலத்துக்குத் தூக்கிட்டு ஓடினோம். டாக்டர் சொன்னார், கொழுத்த பூனை நாலஞ்சு நாள் பட்டினி கிடந்தாலே, உடம்பிலே இருக்கிற கொழுப்பெல்லாம் கிளம்பி ஈரலுக்கு வந்து அடைச்சுக்கும்னார். "சார், இது சாப்பாடு கெட்டதால வந்த நோய் இல்லை, சாப்பிடாததால வந்த நோய்"னார். குழாய் வச்சு ஆகாரம் ஏத்தினாங்க. ஒரு மாசம். எங்க அக்கா அறுபத்தெட்டு வயசிலே, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஊசிக்குழலிலே கரைச்ச சாப்பாட்டை ஏத்துவாங்க. மணி பிழைச்சான். என்னை ஒரு வார்த்தை அக்கா திட்டலை. திட்டியிருந்தாத் தேவலை.

"ரெண்டு பாக்கெட் கூடுதலா வாங்கி வச்சிருக்கலாமே"ன்னு நண்பர் முணுமுணுக்கிறார், கேட்குது. வச்சிருக்கலாம். ஆனா வயசான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறு சகஜம். வந்தா டாக்டர் வேற உணவுக்கு மாத்துவார். அன்றைக்கு என்ன செய்வீங்க? பதிமூணு வயசிலே புது ருசி கத்துக்கொடுப்பீங்களா? குட்டியா இருக்கும்போதே நாலு ருசி காட்டினாத்தான் கிழவயசிலே நாலு தட்டிலே ஒரு தட்டாவது அதுக்குச் சோறாத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை மட்டும் என் அணிக்கே சொல்லிடறேன். பலவகைன்னா நம்ம இலையிலே இருக்கிற பலவகை இல்லை. நம்ம சாம்பாரிலே சின்ன வெங்காயம், ரசத்திலே பூண்டு. ரெண்டும் பூனையின் ரத்த அணுவை உடைக்கும். காப்பித் தோட்டத்துப் பூனையா இருந்தாலும் காப்பி ஆகாது! (சிரிப்பு) பாயசம் வைக்கிறாங்க சிலபேர். பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணர்ற மரபணு அதுக்கு வேலை செய்யலைன்னு 2005-லே கண்டுபிடிச்சிருக்காங்க. ஈரல் விலை குறைவுன்னு தினமும் ஈரலே போட்டா வைட்டமின் ஏ மிஞ்சி, கழுத்தெலும்பு இறுகிப்போகும். மேட்டூர் மீன் நல்லாயிருக்கேன்னு பச்சையாப் போட்டா, சிலவகை மீன் வைட்டமின் பி1-ஐ அழிச்சிடும். இதுவும் ஒரே உணவின் கோளாறுதானே? எந்த நல்லதும் ஒண்டியா நின்னா இப்படித்தான் ஆகுது.

வள்ளுவர் மருந்துன்னு ஒரு அதிகாரம் வச்சார். 95-வது. மருந்துன்னு பேர் வச்சிட்டு, அதிலே பெரும்பாலும் சாப்பாட்டைப் பத்தித்தான் பேசுறார். பூனையையும் அவர் விடலைன்னுதான் நான் நினைக்கிறேன்.

மணி இப்போ எப்படிச் சாப்பிடுறான்னு கேட்பீங்க. அளந்து போட்ட பாக்கெட் உணவுதான் இன்னமும் பெரும்பங்கு. அதிலேயே ரெண்டு கம்பெனி, உலர்ந்தது ஒண்ணு, ஈரமானது ஒண்ணு. வாரத்திலே நாலு நாள் உப்பு, மசாலா போடாம வேகவச்ச கோழி ரெண்டு துண்டு, முட்டை கொஞ்சம். ஒரே நாளிலே மாத்தலை. முதல் நாள் பழைய சோத்து மேலே புதுசு ஒரு விரல்நுனி அளவு. பத்து நாளிலே பாதி. எட்டு மாசம் ஆச்சு எங்க அக்காவுக்கு. இன்றைக்குச் சாயங்காலம் இந்த மேடைக்கு வர்றதுக்கு முன்னாடி அக்கா வீட்டுக்குப் போனேன். அவங்க கோழித்துண்டைப் பிச்சு வைக்கிறாங்க, மணி மோந்து பார்க்கிறான், என்னை ஒரு பார்வை பார்க்கிறான், அப்புறம் தின்றான். அக்கா சிரிச்சுக்கிட்டே, "இன்னைக்கு மேடையிலே என்னடா தம்பி பேசப்போறே, பழைய பேச்சா, புதுப் பேச்சா?"ன்னாங்க.

நடுவரும் மணி அடிச்சுட்டார். புதுப் பேச்சுக்கே தீர்ப்புத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)