கடைமடைக்கும் ஓர் இருக்கை



நீர்த்திட்டம் என்றதும் அணையும் மதகும் கால்வாயுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவை பொறியாளரின் அறிவால் அமைபவை. ஆயினும், கால்வாயில் நீரை எப்பொழுது திறப்பது, யாருக்கு எவ்வளவு விடுவது, மழை பொய்த்த ஆண்டில் யார் விட்டுக் கொடுப்பது என்னும் வினாக்களுக்குப் பொறியாளர் ஒருவரே விடை கூறிவிட இயலாது. அந்நீரால் வாழ்வோர் அனைவரும் கூடி அமர்ந்தே விடை காண வேண்டும். அவ்வாறு கூடும் அவையில் யாருக்கெல்லாம் இடமுண்டு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

ஓர் ஏரியை எண்ணிப் பாருங்கள். மதகுக்கு அருகில் உள்ளது தலைமடை. வாய்க்காலின் கோடியில் உள்ளது கடைமடை. தலைமடை உழவருக்கு நீர் தானே வந்து சேருகிறது. கடைமடை உழவரோ, மேலே உள்ளவர் அனைவரும் பாய்ச்சிய பின்னர் எஞ்சியதையே பெறுகிறார். எங்கே மண் மேடிட்டது, எந்தக் கரை இளகியது என்பதை நன்கு அறிந்தவரும் அவரே. நான் ஆசிரியனாக இருந்த நாளில், மாணவர்களை ஒரு வாய்க்காலின் ஓரமாகக் கோடி வரையில் அழைத்துச் சென்றதுண்டு. தலைப்பில் முழங்கால் அளவு ஓடிய நீர், கோடியில் கணுக்காலை நனைக்கவில்லை. திரும்பி வரும்போது, இடையில் எத்தனை மடைகள் உள்ளன என்று மாணவர்கள் தாமாகவே எண்ணத் தொடங்கினர்.

கூடி ஆளும் முறை நமக்குப் புதிதன்று. உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 921ஆம் ஆண்டினது, ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறுகிறது. குடவோலையால் தெரிந்தெடுக்கப்பெற்றோர் ஓராண்டு ஏரியைக் காத்தனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர், மீண்டும் உறுப்பினராக இயலாது. அவர்தம் உறவினருக்கும் அத்தடை உண்டு. எத்துணைக் கண்டிப்பு! எனினும், நிலமும் கல்வியும் உடையோர்க்கே அவ்வவையில் இடமிருந்தது. உழுது பயிரிட்ட கூலியாளுக்கு அங்கே இடமில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

பிற்காலத்தில், ஊரார் தாமே கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து தளர்ந்தது. 1858ஆம் ஆண்டில் ஆங்கில அரசு, கரை உடையும் ஆபத்துக் காலத்தில் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கச் சட்டம் இயற்றியது. சட்டம் கைகளைக் கொணரலாம். 'இஃது எம் ஏரி' என்னும் உணர்வைக் கொணர இயலுமோ? முடிவெடுக்கும் உரிமை இல்லாதவரிடம் உழைப்பை மட்டும் கேட்டால், அவ்வுழைப்பு நெடுநாள் நீடிப்பதில்லை.

இதனை உணர்ந்தே, 2000ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பாசன அமைப்புகளை உழவரே மேலாண்மை செய்வதற்கான சட்டம் இயற்றப்பெற்றது. ஊர் அளவில் நீரைப் பயன்படுத்துவோர் சங்கம், அதற்குமேல் பகிர்மானக் குழு, அதற்கும்மேல் திட்டக் குழு எனப் படிப்படியாக அவைகள் வகுக்கப்பெற்றன. இது நல்ல ஏற்பாடு. ஆனால், அது நிலமுடையோரை மையமாகக் கொண்டது. ஏரியில் மீன் பிடிப்போர், கால்நடை மேய்ப்போர், ஏரி ஊற்றால் நிறையும் கிணற்றில் குடிநீர் எடுக்கும் பெண்கள் ஆகியோரும் அந்நீரின் பங்காளிகளே அல்லரோ?

ஓர் ஊருக்குப் பொருந்துவது ஆற்றுக்கும் பொருந்தும். ஆற்றிலும் தலைமடையும் கடைமடையும் உண்டு. அவை இரு மாநிலங்களாகவும் இருக்கலாம். 2003ஆம் ஆண்டில், கருநாடக உழவரும் தமிழ்நாட்டு உழவரும் 'காவிரிக் குடும்பம்' என்ற பெயரில் ஒன்றுகூடினர். ஒருவர் பகுதிக்கு மற்றவர் சென்று நிலைமையை நேரிற் கண்டனர். பங்கீட்டை அவர்கள் தீர்த்துவிடவில்லை. அதனை வகுத்தவை 2007ஆம் ஆண்டு நடுவர் மன்றத் தீர்ப்பும், அதனைத் திருத்திய 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புமே. ஆயினும், தீர்ப்பு அளவைக் கூறும். அண்டை உழவரின் வாடிய பயிரைக் காட்டாது. அதனைக் கண்டவர்க்கே விட்டுக் கொடுக்கும் மனம் பிறக்கும்.

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் பொறியாளராவீர்கள்; சிலர் ஆட்சிப் பணியில் அமர்வீர்கள்; பலர் ஊரில் உழவராகவே வாழ்வீர்கள். நீரைப் பற்றிய கூட்டம் எதற்குச் சென்றாலும், வரைபடத்தை விரிக்குமுன் ஒரு வினாவைக் கேளுங்கள்: "கடைமடைக்காரர் வந்திருக்கிறாரா?" வரவில்லையெனில், அவர் வரும்வரை கூட்டத்தைத் தொடங்க வேண்டா என்று சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும்.