தொட்டால் ஒட்டாது
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு வாங்கும் கைகளை இன்று எல்லோரும் குலுக்குகிறோம். நாம் குலுக்கத் தயங்கும் ஒரு கையைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். முழங்கையிலே சிவந்த தடிப்பு. அதன்மேல் வெள்ளி நிறச் செதில். டாக்டர்கள் இதைச் சொரியாசிஸ் என்பார்கள். சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப்படை என்பார்கள். "கிட்டப் போகாதே, ஒட்டிக்கும்!" என்பார் நம் வீட்டுப் பாட்டி. ஒட்டவே ஒட்டாது!

பாட்டியைக் குறை சொல்வதற்கில்லை. மருத்துவ உலகமே இதை நெடுங்காலம் தொழுநோயோடு சேர்த்துக் குழப்பியது. வியன்னாவில் ஹீப்ரா என்ற மருத்துவர் 1841-இல்தான் இரண்டும் வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டினார்.

அப்படியானால் இது என்னதான்? நம் உடம்பை ஒரு தோட்டமாக நினைத்துப் பாருங்கள். தோலிலே உள்ள காவல் அணுக்கள்தாம் கங்காணி. கிருமி வந்தால் பெரட்டுக்கு மணி அடிப்பது அவர் வேலை. இந்த நோயிலோ, பகைவன் இல்லாமலே மணி அடித்துவிடுகிறார்! அவர் அனுப்பும் சீட்டின் பெயர் இன்டர்லூக்கின் 23. அதைப் பெற்ற 'டி' அணுக்கள், இன்டர்லூக்கின் 17 என்ற சீட்டைத் தோலுக்கு அனுப்புகின்றன. உடனே தோல் அணுக்கள் அவசரம் அவசரமாகப் பெருகுகின்றன. மேலே வர ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கவேண்டிய தோல், சில நாளிலேயே வந்து குவிகிறது. அதுதான் செதில். பெருகிய அணுக்களும் இன்னும் ஆளைக் கூப்பிடும். ஆகவேதான் தீ அணைவதில்லை.

இதே சீட்டுகள் மூட்டிலும் கலகம் செய்யும். படை உள்ளவருக்குக் காலையில் விரல் மூட்டு வீங்கி இறுகினால் அலட்சியம் வேண்டாம். குரோன் என்னும் குடல் நோயிலும் இன்டர்லூக்கின் 23-க்குப் பங்குண்டு.

வழி தெரிந்ததால் அடைக்கவும் முடிந்தது. இன்டர்லூக்கின் 17-ஐத் தடுக்கும் ஊசிமருந்துக்கு 2015-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதற்கு முன்பே, 2013-இல், பெங்களூர் பயோகான் நிறுவனம் 'டி' அணுக்களை அடக்கும் இட்டோலிசுமாப் மருந்தை இந்தியாவில் கொண்டுவந்தது. இவை விலை கூடியவை. ஆனால் பலருக்குக் களிம்பும், ஒளிச் சிகிச்சையும், மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையுமே கைகொடுக்கும்.

பெற்றோர்களே, நோயை அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் இல்லை, அடக்கி வைக்கலாம். யாரோ சொன்னார் என்று ஸ்டீராய்டு மாத்திரை வாங்கித் தின்று திடீரென்று நிறுத்தாதீர்கள்; நோய் சீறி எழும். பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண் வந்த பிறகும் இது கிளம்பலாம். காம்பாரிலேயே கிளினிக்கில் காட்டுங்கள். தேவையானால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள்.

நோயாளிகள் ஒதுக்கப்படுவதை உலக சுகாதார மன்றமே 2014-இல் தீர்மானம் போட்டுச் சுட்டிக்காட்டியது. மாணவச் செல்வங்களே, உங்கள் தீர்மானம் இன்னும் எளிது. அப்படி ஒரு பிள்ளை வகுப்பில் தனியாக உட்கார்ந்திருந்தால், நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அதற்குக் கோப்பை தரமாட்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளை உங்களை ஆயுளுக்கும் மறக்காது.