பெயர் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்
(பொன்விழாக் கூட்டத்தில் இளைஞர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)

 

பொன்விழா மேடையில் வீட்டுக்குள் நடக்கும் அடிதடியைப் பேச வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். சங்கத்துக்கு வரும் உதவி மனுவில் பள்ளிச் செலவு, வாடகை என்றுதான் எழுதியிருக்கும். மனு கொண்டுவரும் தாய் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசினால் வேறு விஷயம் வெளிவருகிறது. இளைஞர் பிரிவில் நாங்கள் பெரும்பாலும் கடைக்காரர்கள். ஆகவே விவரம் தெரிந்த சமூகப் பணியாளர்களிடம் போய்க் கேட்டோம்.

நம் நாட்டில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நிறைவேறி, 1996-இல் நடப்புக்கு வந்தது. அதற்காகப் பெண்கள் அமைப்புகள் 1985 முதலே குரல் கொடுத்தன. அடைக்கல இல்லங்களில் பணிபுரிந்தவர்கள், தங்களிடம் வந்த பெண்கள் பட்டதைப் பெயர் மறைத்து எடுத்துச் சொன்னார்கள். போலீஸ், மருத்துவமனை, சமூகநல இலாகா, நீதிமன்றம் என்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைந்த கதைகள் அவை. 2012 திருத்தத்தில் மனத்தைப் புண்படுத்தும் கொடுமையும் வன்முறையாகச் சேர்ந்தது. 2017 திருத்தம் அவசரப் பாதுகாப்பு உத்தரவைக் கொண்டுவந்தது. இப்போது போலீஸ் புகாருக்குக் காத்திராமல் சமூகநல அதிகாரியே அதை வழங்கலாம். ஏழு நாள் செல்லும்.

"நமக்கு ஷரியா நீதிமன்றம் இருக்கிறதே, இது நமக்கில்லை" என்று நம்மவர் சிலர் இன்னும் சொல்கிறார்கள். அது சரியல்ல. இந்தச் சட்டம் குற்றவியல் சட்டத்தோடு சேர்த்து வாசிக்கப்படுவது; முஸ்லிம்களுக்கும் பொருந்தும். தலாக்கும் ஜீவனாம்சமும் ஷரியா நீதிமன்றத்தில். கையை ஓங்கினால் போலீஸ்.

நம் வீடுகளுக்கென்று ஒரு கதை உண்டு. ராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து நிக்காஹ் முடித்து வரும் மருமகள்கள். கணவரின் ஆதரவில்தான் அவர்களுடைய நீண்டகால வருகை அனுமதி ஓடுகிறது. "புகார் கொடு, விசாவைப் புதுப்பிக்க மாட்டேன்" என்ற ஒரு சொல் போதும், வாய் அடைத்துவிடும். உம்மா, வாப்பா கடலுக்கு அப்பால். மாமியார் வீட்டை விட்டால் போக இடமில்லை. அடுத்த திருத்தம் பேசப்படும்போது இந்தக் கதை நாடாளுமன்ற உறுப்பினர் மேசையில் இருக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. நாம் கொண்டுபோகாவிட்டால் யார் கொண்டுபோவது?

ஆனால் ஒரு சங்கடம். நம் சமூகம் சிறியது. "இந்த ஊர்ப் பெண், இன்ன பட்டணத்தில் மசாலைக் கடை, மூன்று பெண் பிள்ளைகள்" என்று சொன்னாலே போதும், ஜும்ஆ முடிவதற்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவோம். (இந்தத் திறமையை வேறு எதற்காவது பயன்படுத்தலாம்!) பெயரை மட்டும் மறைத்தால் போதாது, ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று அந்தப் பணியாளர்கள் அழுத்திச் சொன்னார்கள். எழுதியதை அந்தப் பெண்ணிடமே வாசித்துக் காட்ட வேண்டும். அவர் நாளை வேண்டாம் என்றால் கிழித்துவிட வேண்டும். சொன்னால்தான் சங்கத்தின் உதவி என்ற நிலை ஒருக்காலும் வரக்கூடாது.

இதற்காக மகளிர் பிரிவில் இரண்டு சகோதரிகள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். ஆண்கள் யாரும் அந்தத் தாள்களைப் பார்க்கமாட்டோம், நாங்கள் உள்பட. அவசரம் என்றால் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்: தாலியான் காசே, 15999, இரவும் பகலும் எடுப்பார்கள்.