வீட்டில் நாம் எட்டிப் பார்க்காத இடங்கள்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சந்தா, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் பேசி முடித்தாயிற்று. இன்றைக்குக் கொஞ்ச நேரம் வீட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறோம். "வீட்டைப் பத்தி எங்களுக்கே பாடமா?" என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. தினமும் வாசல் தெளித்து, கூட்டி, துடைத்து வைப்பவர்கள் நீங்கள்தான். நாம் பேசப் போவது விளக்குமாறு போகாத இடங்களைப் பற்றி. மொட்டை மாடி, சமையல் மேடையின் அடி, கொல்லையில் மண்ணுக்குள் கிடக்கிற கழிப்பறைக் குழி. இதையெல்லாம் குழுக்களில் கேட்டால், "அது கொத்தனாருக்கும் அவருக்கும்தான் தெரியும்" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. ஆனால் அங்கே ஏதாவது கெட்டுப்போனால் உள்கடன் கேட்டு மனு எழுதுவது நாம்தானே!

முதலில் கழிப்பறையை எடுத்துக்கொள்வோம். 2014-இல் தூய்மை இந்தியா இயக்கம் வந்த பிறகு கிராமங்களில் இரட்டைக் குழி கழிப்பறைகள் நிறையக் கட்டப்பட்டன. பின்னால் இரண்டு குழிகள், அவற்றுக்கு முன்னால் ஒரு சின்னத் தொட்டி. அந்தத் தொட்டியில் கவட்டைக் குச்சி மாதிரி இரண்டு வழி பிரியும். ஒரு வழி எப்போதும் அடைத்திருக்க வேண்டும். ஏன்? ஒரு சமயத்தில் ஒரு குழிக்குத்தான் வேலை. அது நிரம்பியதும் வழியை மற்றக் குழிக்குத் திருப்பிவிட்டு, நிரம்பியதை இரண்டு வருஷம் தொடாமல் மூடி வைக்க வேண்டும். உள்ளே இருப்பது மக்கி, நாற்றமில்லாத எருவாகிவிடும். மண்வெட்டியால் அள்ளித் தென்னைக்குப் போடலாம்.

சில வீடுகளில் இரண்டு வழியும் திறந்தே கிடக்கிறது. இரண்டு குழியும் ஒன்றாக நிரம்பினால் அப்புறம் எங்கே திருப்புவது? கட்டினவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. இந்த வாரமே அந்தச் சின்னத் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பாருங்க. திறந்திருந்தால் ஒரு வழியைச் செங்கல், களிமண் வைத்து அடையுங்கள். குழிச் சுவரில் விட்டிருக்கும் சந்துகள் தண்ணீர் மண்ணில் இறங்குவதற்காக வைத்தவை. "ஓட்டையா இருக்கே" என்று சிமெண்ட் பூசிவிடாதீர்கள். அடியிலும் பூசக் கூடாது. குளிக்கிற தண்ணீரைக் குழிக்குள் விட்டால் சீக்கிரம் நிரம்பும். ஆசிட், பினாயிலைத் தாராளமாக ஊற்றினால் மக்க வைக்கிற கிருமிகள் செத்துப் போகும். தேய்ப்பதற்குப் பிரஷும் கொஞ்சம் சோப்புத் தூளும் போதும்.

செப்டிக் டேங்க் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதற்குள் யாரும் இறங்கக் கூடாது. கூலிக்கு ஆள் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே தேங்குகிற விஷவாயு கண்ணுக்குத் தெரியாது. இறங்கினவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கினவரும் சேர்ந்து இறந்துபோன செய்திகளை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்! நிரம்பி வழியும்வரை விடாமல் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். அந்த லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்றும் கேளுங்கள். நம்ம ஊர் ஏரியிலேயே கொட்டிவிட்டுப் போனால் என்ன பிரயோஜனம்?

அடுத்தது மொட்டை மாடி. பழைய தொகுப்பு வீடுகளில் கூரை பெயர்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு வயது மட்டும் காரணமில்லை. மாடியில் மழைத் தண்ணீர் போகிற குழாய் வாயை இலையும் மண்ணும் அடைத்துக்கொள்கிறது. தேங்கின தண்ணீர் விரிசல் வழியாக இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்த கம்பி தன்னைச் சுற்றியுள்ள சிமெண்டைத் தள்ளிவிடும். அதுதான் பத்தை பத்தையாகக் கீழே விழுகிறது. அதனால் ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே ஒருநாள் மாடியைக் கூட்டி, அந்தக் குழாய் வாயைச் சுத்தம் செய்யுங்கள். சுவர் இடுக்கில் அரசங்கன்று, ஆலங்கன்று முளைத்திருந்தால் விரல் நீளம் இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும். மேலே வெட்டிவிட்டால் மறுபடி தழையும், வேர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கன்றுக்காக விரிந்த இடத்தையும் பூசிவிடுங்கள்.

உள்ளே நின்று கூரையைப் பாருங்கள். பழுப்புக் கறை, நீளமான கோடு, தட்டினால் வெற்றுச் சத்தம் இருந்தால் அந்த இடத்துக்கு நேர் கீழே குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள், தொட்டிலும் கட்டாதீர்கள். மேலே ஒழுகுவதை அடைக்காமல் கீழே சுண்ணாம்பு அடித்தால் கறை மறையும், கம்பி துருப்பிடிப்பது நிற்காது.

மாடிக்கு ஏறினதுதான் ஏறினோம், அங்கே கிடக்கும் பழைய டயர், உடைந்த குடம், கொட்டாங்கச்சியையும் கீழே இறக்கிவிடுங்கள். டெங்கு கொசு முட்டை காய்ந்த பாத்திரத்தின் ஓரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்வதோடு நிறுத்தாமல் ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் அதன் பின்னால் இருக்கும் தட்டையும் பாருங்க. நல்ல தண்ணீர் தேங்குகிற இடம் அது.

இனி சமையல் மேடை. கேஸ் டியூப் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, உள்ளே கம்பி வலை வைத்த டியூப்பாகக் கேட்டு வாங்குங்கள். வருஷம் அதன் மேலேயே அச்சாகியிருக்கும், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் தெரியும். கசிவு இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், தீக்குச்சி கிட்டவே வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படிந்து நிற்கும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

கரண்ட் விஷயத்தில் ஒன்றே ஒன்று. கிரைண்டரைத் தொட்டால் 'சுர்' என்கிறதென்று செருப்புப் போட்டுக்கொண்டு மாவாட்டுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது எர்த் சரியில்லை என்பதற்கு அடையாளம். வயர்மேனைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகு ஓட்டினால் போதும். எர்த் குழி எங்கே இருக்கிறது என்றும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோடையில் அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது சேமிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு விவரம் எழுதிக்கொண்டு வாருங்கள். கேஸ் டியூப்பில் உள்ள வருஷம் ஒன்று, கழிப்பறையில் எந்தக் குழி திறந்திருக்கிறது என்பது இன்னொன்று. டியூப் மாற்ற வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தால், எல்லோருக்கும் சேர்த்து ஒரே நாளில் வாங்கிவிடலாம்.